வாசலில் கேட்கும் சான்றிதழை நாற்காலியில் ஏன் கேட்பதில்லை?

(தேனாம்பேட்டையில் நடந்த இளைஞர் வாசிப்புக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூலகர்களின் வேலை, படிப்பு, பதவி உயர்வு பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், "இதில் சாதி ஒழிப்புக்கு என்ன வேலை?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஊதிய உயர்வு, பணி நிரந்தரம் எல்லாம் தொழிற்சங்கம் பேச வேண்டியது, நமக்கு வேறு வேலை இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் ஒரு தொழிலில் யார் நுழையலாம், நுழைந்தவர் எதுவரை ஏறலாம், மேல் நாற்காலியில் யார் உட்காரலாம் என்று யாரோ சிலர் தீர்மானிக்கிறார்கள் என்றால் அது நம் கேள்வியும்தான்.

இந்தத் தேனாம்பேட்டையிலிருந்து அண்ணா சாலையில் வடக்கே போனால் தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அதற்கு அருகிலேயே பொது நூலக இயக்ககம். தெற்கே போனால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த நூலகம் அது. மறு ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அன்றைய அரசு அறிவித்தது. எழுத்தாளர்கள், மாணவர்கள், வழக்கறிஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. கட்டடத்தைக் காப்பாற்றினோம். பெருமைப்பட வேண்டிய போராட்டம். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள்ளும், மாநிலம் முழுவதும் உள்ள 4,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்களுக்குள்ளும் வேலை செய்கிறவர்களுக்காக அப்படி ஒரு கூட்டம் தெருவுக்கு வந்ததில்லை. கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைக் காலையில் திறக்கிறவர் தெரிவதில்லை.

முதலில் இந்தத் துறையின் படிக்கட்டைச் சொல்லிவிடுகிறேன். கீழே பகுதிநேர நூலகப் பணியாளர். அதற்கு மேல் ஊர்ப்புற நூலகர். பிறகு மூன்றாம் நிலை, இரண்டாம் நிலை, முதல் நிலை நூலகர்கள். அதற்கு மேல் ஆய்வாளர், மாவட்ட நூலக அலுவலர். உச்சியில் இயக்குநர். இந்தப் படிக்கட்டில் கணக்கில் வராதவர் ஒருவரும் உண்டு. கழிப்பறையும் தரையும் துடைக்கிற தூய்மைப் பணியாளர். அவர் பெரும்பாலும் எந்தச் சாதியிலிருந்து வருகிறார் என்று இந்த அவையில் விளக்கத் தேவையில்லை.

ஊர்ப்புற நூலகரின் ஒரு நாளைப் பாருங்கள். பூட்டைத் திறப்பது, கூட்டுவது, நாளிதழ் அடுக்குவது, புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பதிவேடு எழுதுவது, உறுப்பினர் சேர்ப்பது, ஆயிரம் ரூபாய் கட்டும் புரவலர்களைத் தேடி ஊருக்குள் அலைவது. எல்லாமே ஒரே ஆள். அவரிடம் நூலக அறிவியல் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பது விதி. பலர் அதற்கு மேலேயும் இளங்கலை, முதுகலை நூலக அறிவியல் படித்திருக்கிறார்கள். சொந்தக் காசு போட்டு, தொலைநிலைக் கல்வியில், ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்குப் பேருந்தில் போய் வாங்கிய பட்டங்கள். கையில் வருவதோ சிறப்புக் காலமுறை ஊதியம். 'சிறப்பு' என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். முழுமையான காலமுறை ஊதியத்தைவிடக் குறைவானது என்பதுதான் இங்கே அதற்குப் பொருள். அதை மாற்றச் சொல்லி ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே முதுகலைப் பட்டத்தோடு 'நெட்' தேர்வில் தேறி ஒரு கல்லூரியில் நூலகராகப் பல்கலைக்கழக மானியக் குழு ஊதியத்தில் சேர்ந்தால் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். உதவிப் பேராசிரியருக்கும் அதே தொகைதான். அந்தக் கதவு எவ்வளவு குறுகலானது என்பதையும் பாருங்கள். 2023 தொடக்கத்தில் டி.என்.பி.எஸ்.சி. நூலகப் பணிகளுக்கான ஒருங்கிணைந்த தேர்வை அறிவித்தபோது மாநிலம் முழுவதற்கும் இருந்த இடங்கள் 35. படித்துவிட்டுக் காத்திருப்போர் ஆயிரக்கணக்கில். மற்றவர்கள் தனியார் கல்லூரிகளில் அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

இப்போது படிக்கட்டின் உச்சிக்கு வருவோம். 1972-ல் பொது நூலகத் துறை தனி இயக்ககமானபோது அதன் முதல் இயக்குநராக வந்தவர் வே. தில்லைநாயகம். முறையாக நூலக அறிவியல் படித்த நூலகர். கீழிருந்து ஏறி வந்த ஒருவர் உச்சியில் உட்கார முடியும் என்பதற்கு அவரே சாட்சி. அவருக்குப் பின் அந்த நாற்காலிக்குப் பெரும்பாலும் பள்ளிக் கல்வித் துறையிலிருந்தோ ஆட்சிப் பணியிலிருந்தோ அதிகாரிகளை அனுப்புகிறார்கள். அவர்களில் நல்லவர்கள் இருக்கலாம், திறமையானவர்கள் இருக்கலாம். என் கேள்வி அவர்களைப் பற்றியது அல்ல. ஊர்ப்புறத்தில் பதிவேடு எழுதும் பெண்ணிடம் நூலகச் சான்றிதழ் கேட்கும் அரசு, அந்தத் துறை முழுவதையும் நடத்துகிறவரிடம் ஏன் அதைக் கேட்பதில்லை? நூலக அறிவியல் தேவையான படிப்பு என்றால் உச்சியிலும் தேவை. தேவையில்லாத படிப்பு என்றால் கீழே ஏன் கேட்கிறீர்கள்?

அம்பேத்கர் சாதியைப் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று விளக்கினார். ஒவ்வொரு படியில் இருப்பவரும் தனக்குக் கீழே ஒருவர் இருப்பதைப் பார்த்து ஆறுதல் அடைகிறார், அதனால் எல்லோரும் சேர்ந்து மேலே பார்ப்பதில்லை. நம் நூலகத் துறையை இதைவிட நன்றாக விளக்க முடியுமா? மூன்றாம் நிலை நூலகர் ஊர்ப்புற நூலகரைத் தன் சங்கத்தில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறார். கல்லூரி நூலகர், "நான் பேராசிரியருக்குச் சமம், பொது நூலகரோடு என்னை ஒப்பிடாதே" என்கிறார். நேரடி வகுப்பில் படித்தவர் தபாலில் படித்தவரை இளக்காரமாகப் பார்க்கிறார். தபால் படிப்பில் யார் படித்தார்கள்? பகலில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அந்த இளக்காரம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தவர் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று நாம் பாடத்தில் படிக்கிறவர். சேரும்போது அவரிடம் நூலகச் சான்றிதழ் எதுவும் இல்லை. கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். சேர்ந்த சில நாளில் சலிப்பு தாங்காமல் திரும்பக் கணித வகுப்புக்கே போய்விடலாமா என்று பார்த்தார். பல்கலைக்கழகம் அவரைப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பியது. போய்ப் பார்த்தார், படித்தார், மனம் மாறித் திரும்பினார். 1931-ல் ஐந்து விதிகளை எழுதினார். புத்தகம் பூட்டி வைக்க இல்லை, புழங்கத்தான், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது போன்ற, எளிமையாகத் தோன்றும் பெரிய விதிகள்.

அவருடைய மேதைமையைக் குறைத்துச் சொல்ல இதை நினைவூட்டவில்லை. வரிசையைக் கவனியுங்கள். முதலில் வேலை. பிறகு பயிற்சி. செலவும் விடுப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. ஒரு மனிதரை நம்பிப் பணம் போட்டார்கள், ஒரு துறையே உருவானது. இன்று ஊர்ப்புறத்திலிருந்து வரும் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் அவர் கடன் வாங்கிப் படிக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். வேலை வந்தால் அது பகுதிநேரம். அவரை நம்பி யாரும் லண்டனுக்கு அனுப்பவில்லை, பக்கத்து மாவட்டப் பயிற்சிக்கு அனுப்பினாலே பெரிய விஷயம்.

1929-ல் சென்னை நூலகச் சங்கம் நூலகர் பயிற்சி தொடங்கியது. அது பின்னர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் பட்டம் பெற்றவர்கள் யார்? 1916-ல் பார்ப்பனரல்லாதார் அறிக்கை எழுத வேண்டி வந்ததே அந்தக் கேள்விக்காகத்தான். பட்டதாரிகளுக்குத் திறந்த கதவு என்றால், அன்றைய சென்னை மாகாணத்தில் அது யாருக்குத் திறந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதே காலத்தில் இன்னொரு நூலக மரபும் இந்த ஊரில் இருந்தது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் ராயப்பேட்டையிலிருந்து 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார் அயோத்திதாசப் பண்டிதர். பிறகு சுயமரியாதை இயக்கம், திராவிட இயக்கம் தெருவுக்குத் தெரு படிப்பகங்கள் வைத்தன. கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, நாலு நாளிதழ். ஒருவர் உரக்கப் படிப்பார், எழுத்தறியாதவர்கள் கேட்பார்கள். அங்கே படித்துக் காட்டியவரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. அவரும் நூலகர்தான். இந்த மரபை மறந்துவிட்டு நூலகர் தொழிலைப் பற்றிப் பேசினால் பாதிக் கதைதான் பேசுவோம்.

அப்படியானால் படிப்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூல் உங்கள் நூலகத்துக்கு வருகிறது. எந்த அலமாரியில் வைப்பீர்கள்? தூயி பகுப்பு முறையில் இந்து மதத்துக்கு 294.5 என்ற எண். சாதி அமைப்புக்குச் சமூகவியலில் 305.5 என்ற எண்ணின் கீழ் இடம். மத அலமாரியில் வைத்தால் பக்திப் புத்தகங்களுக்கு நடுவே போய்விடும். சமூகவியலில் வைத்தால் சமத்துவம், வர்க்கம் பற்றிய நூல்களோடு நிற்கும். அயோத்திதாசரின் கட்டுரைகளைப் பௌத்தத்தில் வைப்பதா, இதழியலில் வைப்பதா, தமிழ் இலக்கியத்தில் வைப்பதா? பதினேழு வயதுப் பையன் எதைத் தேடி வந்து எதைக் கண்டெடுப்பான் என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது. பகுப்பு என்பது வெறும் லேபிள் ஒட்டும் வேலை இல்லை. அதைச் செய்கிறவருக்குப் படிப்பு வேண்டும், சமூகப் பார்வையும் வேண்டும், நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் இல்லாமலும் இருக்க வேண்டும்.

அந்தப் பகுப்பு முறையை உருவாக்கிய மெல்வில் தூயியின் கதையும் நமக்குத் தேவை. 1887-ல் நியூயார்க்கின் கொலம்பியாக் கல்லூரியில் உலகின் முதல் நூலகப் பள்ளியைத் தொடங்கியவர் அவர். முதல் வகுப்பில் இருந்த 20 பேரில் 17 பேர் பெண்கள். நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை, இரண்டே ஆண்டில் பள்ளி வேறு ஊருக்குப் போனது. பெண்களுக்குக் கதவு திறந்த அதே தூயி நடத்திய பொழுதுபோக்கு மன்றத்தில் யூதர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் இடமில்லை. 1905-ல் அது பெரிய பிரச்சினையாகி, மாநில நூலகர் பதவியை விட்டு அவர் விலக வேண்டி வந்தது. 2019-ல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் விருது ஒன்றிலிருந்து அவர் பெயரையே எடுத்தது.

அமெரிக்காவில் நூலகப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் முறை உண்டு. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்தால்தான் நல்ல வேலை. தென் மாநிலங்களின் பள்ளிகளோ கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. 1925-ல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் அவர்களுக்கென ஒரு நூலகப் பள்ளி தொடங்கி, 1939-ல் மூடப்பட்டது. ஒரு கையால் சான்றிதழ் கேட்டு, மறு கையால் அதைப் பெறும் வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

சான்றிதழ் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? பரோடா மன்னர் சாயாஜிராவ் 1910-ல் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்து, நாட்டுக்கே முன்னோடியான இலவசப் பொது நூலக அமைப்பை உருவாக்கினார். நூலகர் பயிற்சி வகுப்பும் அங்கே நடந்தது. அதே மன்னரின் உதவித்தொகையில்தான் 1913-ல் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போனார். திரும்பி வந்து 1917-ல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. தங்கிய விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் விரட்டினார்கள். ஊரில் நூலகம் இருந்தது, பயிற்சி இருந்தது, அவர் கையில் கொலம்பியாவின் படிப்பு இருந்தது. சாதி அதையெல்லாம் எண்ணிப் பார்க்கவில்லை. பம்பாயில் பிறகு அவர் கட்டிய ராஜகிருகம் வீட்டில் புத்தகங்களுக்குத்தான் பெரிய இடம் கொடுத்தார்.

நம் ஊருக்குத் திரும்புவோம். 1948-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் கொண்டுவந்தார், பின்னணியில் ரங்கநாதனின் உழைப்பு. மற்றொன்று ஒன்றிய அரசின் மருந்தாளுநர் சட்டம். நூலகச் சட்டம் வரி கொடுத்தது. இன்று சொத்துவரியோடு 10 விழுக்காடு நூலக வரி வசூலாகிறது. சொந்த வீடு இல்லாதவர்களே, நீங்கள் கொடுக்கும் வாடகைக்குள்ளும் அது இருக்கிறது. மருந்தாளுநர் சட்டமோ அந்தத் தொழிலுக்குப் பதிவேடு கொடுத்தது, மன்றம் கொடுத்தது. வழக்கறிஞருக்கு மன்றம் உண்டு, செவிலியருக்கு உண்டு. நூலகருக்கு இன்றுவரை அப்படிச் சட்டப்படியான மன்றம் இல்லை.

எனவே, "எங்களுக்கும் ஒரு தேசிய மன்றம் வேண்டும், தகுதித் தேர்வு வேண்டும்" என்று நூலகர்களில் ஒரு பகுதியினர் கேட்கிறார்கள். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. யார் வேண்டுமானாலும் நூலகர் நாற்காலியில் உட்காரலாம் என்ற நிலையால் அவமானப்பட்டவர்கள் அவர்கள். ஆனாலும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பதிவேடு மட்டும் மரியாதை கொடுக்காது. மருந்துக் கடைகளைப் பாருங்கள். சுவரில் ஒருவருடைய சான்றிதழ் தொங்கும், மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் வேறு ஒருவர். சான்றிதழுக்கு வாடகை, உழைப்புக்குக் குறைந்த கூலி. இரண்டாவது, ஒரே நாடு, ஒரே தேர்வு என்ற பெயரில் வந்த 'நீட்' நம் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் உள்ளவருக்கு இன்னொரு வாசல் திறக்கும் தேர்வாக நூலகர் தேர்வு மாறினால், தபால் படிப்பில் ஏறி வந்த ஊர்ப்புறப் பெண்தான் முதலில் வெளியே நிற்பார்.

அதனால் நான் கேட்பது இன்னொரு வடிகட்டி இல்லை. படித்தவருக்குப் பதிவு வேண்டும், அந்தப் பதிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பதிவு பெற்ற நூலகர் இல்லாமல் நூலகம் நடத்தக் கூடாது, முழு ஊதியம் கொடுக்காமல் அவரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று கட்டாயம் நிறுவனத்தின் மீது விழ வேண்டும்.

இன்று எல்லாக் கட்டாயமும் ஆள் மீதுதான் விழுகிறது. கல்லூரிக்கு 'நாக்' குழு வரும்போது பாருங்கள். புத்தகம் எத்தனை, மென்பொருள் எது, மின்னிதழ்கள் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பார்கள். அந்த விவரங்களைத் தயாரிக்க நூலகர் இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருப்பார். கல்லூரி வாசலில் தரச் சான்றைப் பெரிய பேனராகக் கட்டுவார்கள். நூலகரின் தொகுப்பூதியம் அப்படியே இருக்கும்.

பள்ளிகளின் நிலை இன்னும் மோசம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், நாளிதழும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று அட்டவணையில் எழுதியிருக்கிறது. நூலகர் இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஒன்றிய அரசின் கேந்திரிய வித்யாலயாக்களில் நூலகர் பணியிடம் உண்டு. நம் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் ஏதாவது ஓர் ஆசிரியரிடம் கூடுதல் பொறுப்பு. புத்தகம் தொலைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயத்தில் அவர் பீரோவைப் பூட்டி வைக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்குத்தான் அந்தப் பீரோ திறந்திருக்க வேண்டும். அதிகாரியின் பிள்ளை படிக்கும் பள்ளியில் நூலகர், தூய்மைப் பணியாளரின் பிள்ளை படிக்கும் பள்ளியில் பூட்டு. இதுதான் நூலகர் பணியிடத்துக்கும் சாதிக்கும் உள்ள உறவு. அந்தப் பணியிடங்களை உருவாக்கினால் படித்துவிட்டுக் காத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை. அவை நிரந்தரப் பணியிடங்களாக இருந்தால் 69 விழுக்காடு இட ஒதுக்கீடும் சுழற்சி முறையும் வரும். வெளிமுகமைக்கு விட்டால் எதுவும் வராது.

என் கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர்ப்புற நூலகர்களுக்கு முழுமையான காலமுறை ஊதியம். பணியில் இருப்பவர் மேல்படிப்பு படிக்கத் துறையே கட்டணமும் விடுப்பும் கொடுக்க வேண்டும், ரங்கநாதனுக்குக் கொடுத்தது போல. கீழ்ப்படியில் சேர்ந்தவர் மாவட்ட நூலக அலுவலர்வரை ஏறத் தெளிவான பதவி உயர்வு விதிகள். இயக்குநர் நாற்காலியில் மீண்டும் ஒரு நூலகர். அரசுப் பள்ளிகளில் நூலகர் பணியிடங்கள். தூய்மைப் பணியாளரை நூலகத் துறையின் ஊழியராகக் கணக்கில் எடுப்பது.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். போட்டித் தேர்வுக்காகத் தினமும் நூலகத்தில் போய் உட்கார்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு நாள் அங்கே இருக்கும் நூலகரிடம் பேசுங்கள். எத்தனை பேர் செய்ய வேண்டிய வேலையை எத்தனை பேர் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பிறகு பத்து ரூபாய் ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். உங்கள் பகுதியில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் நூலக ஆணைக்குழுவுக்குப் போனது எவ்வளவு, அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலியாக இருப்பவை எத்தனை, எத்தனை பேர் தொகுப்பூதியத்திலும் பகுதிநேரத்திலும் இருக்கிறார்கள். ஐந்தே கேள்விகள். பதில் வந்ததும் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் வைத்துப் படியுங்கள். வாசகர் வட்டம் இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பதில்களோடு வாருங்கள். அந்த நூலகரையும் அழைத்து வாருங்கள், அவர் பேசட்டும், நாம் கேட்போம்.

ஜெய் பீம்.